எப்போதும் ஏப்ரல் ஒன்பது

எங்கள் கடையில் நாலு வருடமாக ஏப்ரல் ஒன்பதாம் தேதிதான். வெளியே மழை கொட்டும், வெயில் கொளுத்தும், வருடம் மாறும், கீழே மருந்துக்கடைக்காரர் மகனுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்துவிடும். மாடியில் எங்கள் கம்ப்யூட்டரின் மூலையில் மட்டும் ஏப்ரல் ஒன்பது அசையாமல் உட்கார்ந்திருக்கும். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் என் அக்கா செய்யும் முதல் வேலையே, ராத்திரியோடு ராத்திரியாகப் பத்தாம் தேதிக்கு நழுவிவிட்ட அந்தக் கம்ப்யூட்டரைப் பிடித்து ஒன்பதாம் தேதிக்கு இழுத்துவருவதுதான்.

"நம்ம கடைக்குள்ள இருந்தா வயசே ஆகாதுடி," என்பாள். மூட்டு வலி மட்டும் தவறாமல் வந்தது.

அக்கா மெஷின் எம்ப்ராய்டரி போடுகிறவள். படத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து, எந்த ஊசி எங்கே குத்த வேண்டும், எந்த நூல் எப்போது மாற வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால் மெஷின் தைக்கும். அந்த வரையும் சாஃப்ட்வேரைச் செய்த கம்பெனி மூடிப்போய்விட்டது. உரிமக் காலம் முடிந்ததும் புதுப்பித்துத் தர ஆளில்லை. மெஷின் பழுது பார்க்க வரும் ஊசி அண்ணன்தான் இந்தக் குறுக்கு வழியைக் கண்டுபிடித்தார். "தேதியைப் பின்னாடியே வெச்சுக்கோம்மா. அது இன்னும் காலம் இருக்குன்னு நினைச்சுட்டு வேலை பார்க்கும். ஆனா ஒண்ணு, ஒரு தடவை இன்னைய தேதியைப் பார்த்துடுச்சுன்னா போச்சு. அப்புறம் தலைகீழா நின்னாலும் திறக்காது." ஊசி அண்ணனுக்கு எதையும் ரிப்பேர் செய்யத் தெரியும். அதற்கப்புறம் என்ன ஆகும் என்று யோசிக்க மட்டும் தெரியாது.

என்ன ஆயிற்று என்றால், இணையத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சிவப்பாக ஓர் எச்சரிக்கை வந்து நின்றது. இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல, இது ஆபத்து, அது ஆபத்து என்று ஒரே கூப்பாடு. முதல் வாரம் நான் பயந்தேன். "குரைக்கிற நாய் கடிக்காதுடி," என்று அக்கா கீழே ஒரு மூலையில் ஒளிந்திருந்த 'பரவாயில்லை, தொடர்க' என்பதைக் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து அதை அழுத்துவது கண் சிமிட்டுவதைப் போல ஆகிவிட்டது. எச்சரிக்கை வரும், விரல் போகும், பக்கம் திறக்கும். நாலு வருடத்தில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நாங்கள் ஒரு நாள்கூடப் படிக்கவில்லை. இத்தனைக்கும் அக்கா எதைத் தைப்பதற்கு முன்னாலும் எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படிக்கிறவள். சட்டைப் பையில் ஒரு பெயரைத் தப்பாகத் தைத்துவிட்டால் துணியே பாழ் அல்லவா?

பெயர்கள். அதுதான் அக்காவின் வாழ்க்கை. டிரைவர், நர்ஸ், காவலாளி, பள்ளிக்கூடங்கள், ஓட்டல்கள் என்று இருபது வருடமாக மற்றவர்களின் நெஞ்சில் மற்றவர்களின் பெயரைத் தைத்திருக்கிறாள். சொந்தமாகப் படம் வரையத் தொடங்கியது இந்த நாலு வருடமாகத்தான். ஆனால் அவள் வரைவது அழகாக இருக்கும், இதைத் தங்கச்சி என்பதற்காகச் சொல்லவில்லை. நடனப் பள்ளி கேட்டபோது தோகையை விசிறி மாதிரி ஒதுக்கிக்கொண்டு ஒரு மயில் வரைந்தாள். நீச்சல் குளத்துக்காரர்கள் கேட்டபோது ஒரு தவளை. பார்த்தால் சிரிப்பு வரும், அப்படி ஒரு முழி. ஆனால் வாடிக்கையாளருக்கு மெயிலில் அனுப்பிய மூன்றாம் நாள் அதே மயில், அதே தவளை, எதிரே இருக்கும் இன்னொரு எம்ப்ராய்டரிக் கடையின் கண்ணாடியில் தொங்கும். விலையும் குறைவு. வாடிக்கையாளர் அங்கே போய்விடுவார். அக்கா வரைந்த ஒரு படம்கூட அக்காவின் மெஷினில் ஓடியதில்லை.

எதிர்க் கடைக்காரனுக்கு நான் வைத்த பெயர் கார்பன். கார்பன் தாள் மாதிரி, மேலே எதை வைத்தாலும் அச்சு அசலாகக் கீழே எடுப்பான். எங்கிருந்து எடுக்கிறான் என்றுதான் எனக்குப் புரியவில்லை. கூட்டிப் பெருக்க வருகிறவரைச் சந்தேகப்பட்டேன், ஊசி அண்ணனைச் சந்தேகப்பட்டேன், வீட்டில் சும்மா டீ குடித்துக்கொண்டிருந்த என் கணவரையும் விட்டுவைக்கவில்லை. அக்கா யாரையும் சந்தேகப்படவில்லை. அவள் வேறு ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

"நான் வரையறது எல்லாருக்கும் தோணுறதுதான் போலடி. எனக்குன்னு தனியா ஒண்ணும் வரலை," என்று ஒரு நாள் நூல் சுற்றிக்கொண்டே சொன்னாள். அழவில்லை, பெருமூச்சுகூட விடவில்லை. அதற்குப் பிறகு அவள் வரைவதையே விட்டுவிட்டாள். பெயர்கள் மட்டும் தைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பெண்கள் கால்பந்து கிளப்பிலிருந்து போன் வந்தது. புது அணி, முதல் போட்டி, சட்டையில் தைக்க ஒரு சின்னம் வேண்டும். எங்கள் கடையையும் கார்பன் கடையையும் மட்டும் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கிளப் மேனேஜர் ஒரு காலத்தில் கோல்கீப்பராம். போனிலேயே மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். நாங்கள் அவரைக் கீப்பரம்மா என்றே சொல்லிக்கொண்டோம். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். முதல் போட்டி வரைக்கும் படம் வெளியே தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால், எவ்வளவு அழகாக இருந்தாலும் குப்பைக் கூடைதான்.

அக்கா முதலில் மாட்டேன் என்றாள். நான் கத்தினேன், மாமா கெஞ்சினார். மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர், பள்ளி வேன் ஓட்டுகிறவர். கடைசியில் உட்கார்ந்தாள். சிங்கம், புலி, கழுகு என்று ஊர்ப்பட்ட அணிகளில் ஏற்கெனவே உறுமிக்கொண்டிருக்கிறதே என்று ஒரு மீன்கொத்தியை வரைந்தாள். சின்னப் பறவை, தலைகீழாகப் பாய்கிறது, சிறகு உடம்போடு ஒட்டியிருக்கிறது, கண்ணில் பயமே இல்லை. அலகு நுனியில் ஒரே ஒரு வெள்ளைத் தையல், தண்ணீரைத் தொடுகிற இடம். பார்த்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது.

"இருபது வருஷமா மத்தவங்க பேரைத் தச்சிட்டேன்," என்றாள் அக்கா. "ஒரே ஒரு தடவை, நான் வரைஞ்சது யாரோட நெஞ்சு மேலயாவது ஓடணும்டி. அது போதும்."

அனுப்ப வேண்டிய நாள் வந்தது. மதியம் கிளப்பில் கமிட்டி கூடுகிறது, அதற்குள் போய்ச் சேர வேண்டும். மெயில் வேண்டாம், நாங்கள் சொல்லும் இணையப் பக்கத்தில்தான் ஏற்ற வேண்டும் என்று கீப்பரம்மா சொல்லியிருந்தார். திறந்தோம். வழக்கம்போலச் சிவப்பு. வழக்கம்போல அக்காவின் விரல் மூலைக்குப் போனது. போனில் இருந்த கீப்பரம்மா, "என்ன மேடம், திறந்துடுச்சா?" என்றார்.

"எச்சரிக்கை வருது மேடம். அது எப்பவும் வர்றதுதான், இதோ தள்ளிட்டு உள்ள போயிடுறேன்."

"தொடாதீங்க!"

பந்து கோலுக்குள் போகிற மாதிரி அப்படி ஒரு கத்தல். அக்காவின் கை தானாகவே பின்னால் வந்தது.

"எங்க பக்கத்துல எச்சரிக்கையே வராது மேடம். என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

நாலு வருடத்தில் முதல் தடவையாக அக்கா விரல் வைத்துப் படித்தாள். உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தது. அக்கா ஏப்ரல் ஒன்பதின் கதையைச் சொன்னாள். கீப்பரம்மா சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

"மேடம், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு அடையாளச் சான்றிதழ் உண்டு. ஊரே நம்புற ஒரு இடத்துல சோதிச்சு, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பாங்க. எங்க கிளப்புக்கு ஒரு வயசுகூட ஆகலை. உங்க கம்ப்யூட்டர் கணக்குப்படி நாங்க இன்னும் பொறக்கவே இல்லை! தேதியை மாத்துங்க."

நான் அக்காவைப் பார்த்தேன். தேதியை மாற்றினால் வரையும் சாஃப்ட்வேர் செத்துவிடும். மயில், தவளை, பாதியில் விட்ட படங்கள் எல்லாம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பெயர் எழுத்துகளையாவது மெஷின் நினைவில் இருந்து தைத்துவிடலாம், புதிதாக எதையும் வரைய முடியாது. மாற்றாவிட்டால் மீன்கொத்தி போகாது; வேறு யார் கம்ப்யூட்டரிலும் போட முடியாது, படம் வெளியே தெரிந்துவிடும்.

அக்கா மீன்கொத்தியை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டாள். கழுத்தில் நாடாவில் தொங்கிய கத்தரிக்கோலை ஒரு தரம் தொட்டுக்கொண்டாள். "சரி, இன்னைக்குல வாழ்ந்து பார்த்துடலாம்," என்று தேதியை இழுத்து இன்றைக்குக் கொண்டுவந்து விட்டாள். நாலு வருடம் ஒரே நொடியில் ஓடியது! சாஃப்ட்வேர் ஒரு சின்னச் செய்தி காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. எனக்குத் துக்கமும் சந்தோஷமும் சேர்ந்து வந்து தும்மலாக வெளிப்பட்டது.

கிளப் பக்கத்தை மறுபடி திறந்தோம்.

மறுபடியும் சிவப்பு!

எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. இதற்காகவா சாஃப்ட்வேரைப் பலி கொடுத்தோம்? "அழுத்துக்கா, அழுத்தித் தொலை! கமிட்டி கூடிடுவாங்க. நாலு வருஷமா குரைச்ச நாய் இன்னைக்கா கடிக்கப் போகுது?" என்று நான் மேஜையைத் தட்டினேன். மௌஸைப் பிடிக்கவும் போனேன். அக்கா என் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள்.

"இருடி. முன்ன குரைச்சது வேற. இது வேற குரைப்பு."

விரல் வைத்து, போனுக்குக் கேட்கும்படி படித்தாள். கடிகாரத்தைப் பற்றி இப்போது ஒன்றும் இல்லை. இந்தப் பக்கம் தன்னைக் கிளப் என்று சொல்லிக்கொள்கிறது, ஆனால் அதன் சான்றிதழில் கையெழுத்துப் போட்டது யார் என்றே தெரியவில்லை, யாரோ உங்கள் தகவலைத் திருட முயலலாம் என்று இருந்தது.

கீப்பரம்மா முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். "மேடம், படத்தை ஏத்தலையே?"

"இன்னும் இல்லை."

"நல்லது. கேளுங்க. நீங்க எங்க பக்கத்தைக் கூப்பிட்டதும் நாங்க ஒரு திறந்த பூட்டை அனுப்புவோம். சாவி எங்ககிட்டயே இருக்கும். நீங்க படத்தைப் பெட்டியில போட்டு அந்தப் பூட்டைப் போட்டு அமுக்கிட்டா, அப்புறம் நீங்களே நினைச்சாலும் திறக்க முடியாது. வழியில யார் கையில கிடைச்சாலும் அவங்களுக்கு வெறும் குப்பை மாதிரி எழுத்துதான் தெரியும். அதுக்குத்தான் என்க்ரிப்ஷன்னு பேரு."

அக்கா யோசித்தாள். "சரி மேடம். ஆனா அந்தப் பூட்டு உங்க பூட்டுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அதேதான்! சரியான கேள்வி!" பழைய குரல் திரும்பிவிட்டது. "நடுவுல ஒருத்தன் நின்னுகிட்டு தன் பூட்டைக் குடுத்து, 'இது கிளப் பூட்டு'ன்னு சொல்லலாம். நீங்க போட்டு அனுப்புவீங்க. அவன் திறந்து பார்ப்பான், நகல் எடுப்பான், அப்புறம் எங்க பூட்டைப் போட்டு எங்களுக்கு அனுப்பிடுவான். உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. காட்டிக்குடுக்கிறது அந்தச் சான்றிதழ் ஒண்ணுதான். இப்போ அதைத்தான் உங்க கம்ப்யூட்டர் கத்திச் சொல்லுது. உங்களுக்கு நெட் யார் குடுக்கிறாங்க மேடம்?"

நானும் அக்காவும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினோம்.

கம்ப்யூட்டரின் பின்னாலிருந்து ஒரு நீல ஒயர் கிளம்பி, சுவரோரமாகப் போய், கதவு நிலையின் மேல் ஏறி, நடையைத் தாண்டி, எதிர்க் கடைக்குள் போகிறது. நாலு வருடத்துக்கு முன்னால் கார்பன் இலவசமாக இழுத்துக் கொடுத்தது. "அக்கம் பக்கத்துல இருக்கோம், இதுக்கெல்லாம் காசா?" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். எனக்கு அப்போதே உறுத்தியது. "தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதுடி," என்று அக்காதான் என் வாயை அடைத்தாள்.

மயில் போன வழி அதுதான். தவளை போன வழியும் அதுதான். ஒயரின் அந்த முனையில் அவன் வைத்திருந்த கருவி நடுவில் நின்று பொய்ப் பூட்டு நீட்டியபோதெல்லாம் எங்கள் கம்ப்யூட்டர் கத்தத்தான் செய்திருக்கிறது. நாங்கள்தான் ஏப்ரல் ஒன்பதின் கூப்பாடு என்று நினைத்துத் தள்ளிவிட்டு உள்ளே போயிருக்கிறோம்!

அக்கா எழுந்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள். அந்த நீல ஒயரை ஒரே நறுக்கு. அடடா, அந்தச் சத்தம்! இன்றைக்கும் என் காதில் இனிக்கிறது.

என் செல்போனிலிருந்து நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தோம். அவசரத்தில் பாஸ்வேர்டை இரண்டு தரம் தப்பாகப் போட்டேன். கிளப் பக்கம் திறந்தது. சிவப்பு இல்லை, கூப்பாடு இல்லை. நாலு வருடத்தில் அப்படி ஓர் அமைதியை அந்தத் திரையில் நான் பார்த்ததே இல்லை. அக்கா முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தாள், பக்கத்திலிருந்த குட்டிப் பூட்டை அழுத்தி அங்கிருந்த சான்றிதழையும் படித்தாள், தேதியையும் படித்தாள். அப்புறம்தான் மீன்கொத்தியை உள்ளே விட்டாள்.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று கீப்பரம்மா கத்தினார். நானும் கத்தினேன். என்ன தீயா என்று கேட்டுக்கொண்டு மருந்துக்கடைக்காரர் படியேறி வந்துவிட்டார்.

அவருக்குப் பின்னாலேயே யார் வந்தது தெரியுமா? கார்பன்! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

"அக்கா, நெட் எதாவது பிரச்சினையா? லைன் கட்டான மாதிரி இருந்துச்சு, அதான் கேட்டுட்டுப் போகலாம்னு..."

ஒயரை வெட்டிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எங்கள் லைனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காவிட்டால் அது அறுந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? நான் வாயைத் திறக்க, அக்கா என் காலை மிதித்தாள். வெட்டிய ஒயரைச் சுருட்டி அழகாக முடிச்சுப் போட்டு அவன் கையில் வைத்தாள்.

"ஒண்ணும் பிரச்சினை இல்லப்பா. உன் மாடு, நீயே கட்டிக்கோ," என்றாள்.

சாயங்காலம் மறுபடி போன் அடித்தது. அக்கா எடுக்கவில்லை, பயம். நான்தான் எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். மாமாவும் வேனை நிறுத்திவிட்டு வந்து மருந்துக்கடைக்காரரோடு வாசலில் நின்றிருந்தார்.

"மேடம், எனக்கு ஒரு குழப்பம்," என்றார் கீப்பரம்மா. "உங்க ஃபைல் உள்ள, அதை உண்டாக்கின தேதி நாலு வருஷத்துக்கு முந்தின ஏப்ரல் ஒன்பதுன்னு இருக்கு. உங்க கதைதான் தெரியுமே, சிரிச்சுட்டு விட்டுட்டோம். அடுத்து எதிர்க் கடைக்காரரோட ஃபைலைத் திறந்தோம். அதுவும் ஏப்ரல் ஒன்பது. அதே வருஷம். அவர் கடையிலயும் அந்தச் சாஃப்ட்வேரா?"

"இல்லையே," என்றாள் அக்கா. "என்ன படம் மேடம் அது?"

"ஒரு மயில். தோகையை விசிறி மாதிரி ஒதுக்கி..."

நான் துள்ளிக் குதித்ததில் நூல் கண்டுகள் தட்டோடு உருண்டன. புதிதாகக் காப்பியடிக்க ஒன்றும் கிடைக்காமல் பழைய திருட்டையே தூக்கி நீட்டியிருக்கிறான் படுபாவி! அது எந்தக் கடையில் பிறந்தது என்று அதன் வயிற்றுக்குள்ளேயே எழுதியிருந்தது. உலகத்தில் வேறு யார் கடையில் எல்லாப் படமும் ஏப்ரல் ஒன்பதில் பிறக்கும்? கையும் களவுமாக மாட்டினான்.

"அப்போ ரெண்டு படமும் உங்களோடதுதான் மேடம்," என்றார் கீப்பரம்மா. "கமிட்டி பெரிய சங்கடத்துல மாட்டிக்கிச்சு. எதை எடுத்தாலும் நீங்கதான் ஜெயிக்கிறீங்க. மீன்கொத்தியை எடுத்துட்டோம்."

மாமா கைதட்டினார். மருந்துக்கடைக்காரரும் தட்டினார். அக்கா மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ அந்த மயில் எல்லாருக்கும் தோணினது இல்லையாடி?" என்று என்னைக் கேட்டாள். "எனக்குத் தோணினதுதானா?"

"உனக்குத்தான்க்கா. உனக்கு மட்டும்தான்," என்றேன். அப்போதுதான் அவள் அழுதாள். நானும் அழுதேன், எனக்கு அழ ஒரு சாக்கு கிடைத்தால் போதும்.

கார்பன் கண்ணாடியில் தொங்கிய படங்களை மறுநாளே கழற்றிவிட்டான். நாங்கள் புது சாஃப்ட்வேருக்கு முன்பணம் கட்டிச் சொந்தமாக லைன் எடுத்தோம். இப்போது எப்போதாவது சிவப்பு வந்தால் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதும் படித்த பிறகுதான் மூச்சு விடுகிறாள்.

முதல் போட்டிக்கு எங்கள் எல்லோருக்கும் டிக்கெட் வந்தது. அக்கா அதுவரை கால்பந்தே பார்த்ததில்லை. பதினொரு பெண்கள் சுரங்கம் போன்ற அந்த வழியிலிருந்து வெயிலுக்குள் ஓடிவந்தார்கள். பதினொரு மீன்கொத்திகள்! அக்கா என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. ஆட்டம் எனக்குப் பாதி புரியவில்லை. கடைசியில் ஒரு ஒல்லிப் பெண் மூன்று பேரை ஏமாற்றிவிட்டுப் பந்தை உள்ளே தள்ளினாள். தள்ளிவிட்டு நேராக எங்கள் பக்கம் ஓடிவந்து, நெஞ்சிலிருந்த சின்னத்தை இரண்டு விரலால் பிடித்து இழுத்து எல்லோருக்கும் காட்டினாள்.

அக்கா நாற்காலி மேலேயே ஏறிவிட்டாள். மூட்டு வலியெல்லாம் எங்கே போயிற்றோ! "அது என்னோடது! அது என்னோடது!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். "உங்க பொண்ணாங்க? பிரமாதமா ஆடுறா."

"பொண்ணு இல்லீங்க," என்றாள் அக்கா. "பறவை."